சீனி டப்பா

எங்கள் வீட்டில் சீனி வாங்குவதில்லை.
மேலப்பாளையத்தில் எவரைக் கேட்டாலும்
"சீனிக்காரங்க வீடா?" என்று கைகாட்டுவார்கள்.

அவருக்கு வந்தது மெதுவாக.
ஆட்டோவில் குந்தியே போன வருஷங்கள்.
கால்விரல் புண் ஆறவில்லை என்று பார்த்தபோது
அது எப்போதோ குடிவந்திருந்தது.
ஜொகராவுக்கு எட்டே நாள்.
தண்ணி தண்ணி என்றாள்.
ஒன்பது வயதில் பாயை நனைத்தாள்.
அடித்தேன்.
எட்டாம் நாள் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில்
மூச்சில் பழவாடையோடு கிடந்தாள்.

டாக்டரம்மா படம் வரைந்தார், ஏறவில்லை.
வீட்டில் சுளகை மடியில் வைத்தபோது விளங்கிற்று:
இலை இருக்கு, தூள் இருக்கு,
பிள்ளைக்கு நூல்கண்டே கிடையாது.
கட்டாத பீடி என்னத்துக்கு ஆகும்?
தினம் நாலு தரம்
ஊசியில் கோத்து நான் நூல் கொடுக்கணும்.
அவருக்கு நூல் உண்டு. இலைதான்
காய்ந்துபோய் மடங்க மாட்டேன் என்கிறது.
நடந்தால், மாத்திரை போட்டால்,
கொஞ்சம் பதம் வரும்.

எனக்கும் ஒருதரம், அசன் வயிற்றில் இருக்கையில்.
பிள்ளை இறங்கியதும் அதுவும் இறங்கிவிட்டது.
"வாசல் தெரிஞ்சு வச்சிருக்கும்,
வருஷா வருஷம் பாருங்க" என்றார்கள்.
பார்க்கவில்லை.
ஆயிரம் பீடி யார் சுற்றுவது?

மைமூன் லாத்தா பாகற்காய்ச் சாறு கொண்டுவந்தாள்,
இரண்டு பேருக்கும் ஒரே செம்பில்.
"எல்லாம் ஒரே சீனிதானட்டி."
அவள் பிரிட்ஜில்தான் ஜொகராவின் மருந்து,
மீன் சட்டிக்கு மேல்தட்டில்.
எந்த வாயால் சண்டை போட?
அவர் குடித்தார்.
மகள் முருங்கை மூட்டில் ஊற்றினாள்.

ஒரே ஒரு டப்பா மட்டும் இனிப்பு,
ஜொகராவின் தலைமாட்டில்.
கை நடுங்கினால் வாயில் போட.
"சீனி வந்தவளுக்கு மிட்டாயே மருந்தாம்,
எனக்கு மட்டும் கேப்பைக் களி" என்று சிரிப்பார்.

போன மாசம், இரவு ரெண்டு மணி.
வேர்த்து ஊற்றுகிறது.
"உம்மா, சுவரு ஆடுது."
மூடியைத் திறந்தேன்.
மிட்டாய் இல்லை. தாள்கள் இருந்தன,
ஒன்றொன்றும் நாலாய் மடித்து,
திருடியவருக்கும் ஒரு ஒழுங்கு.

அவர் என்னைப் பார்க்கவில்லை.
புண் ஆறாத காலோடு
தெருவில் இறங்கி ஓடினார்.
மைமூன் வீட்டுக் கதவு இடிபடும் சத்தம்.
திரும்பியபோது உள்ளங்கையில் குவித்த சீனி,
வழியெல்லாம் சிந்தி, கால்வாசி.

விரலால் தொட்டுத் தொட்டு ஊட்டினார்.
கால் மணி நேரம் கழித்து
கண்ணைத் திறந்து அவள் முதலில் கேட்டது:

"செருப்பு எங்க வாப்பா?"