நூற்றுப்பதினேழு

வெள்ளிக்கிழமை மாலை, முஹர்ரக் கிளினிக்.
வாரத்தின் ஒரே விடுமுறையை
முழங்கை மடிப்பில் ஏந்தி நீட்டுகிறார் மாசாணமுத்து.
என் கோப்பில் அவர் நூற்றுப்பதினேழு.

குப்பியைக் கவிழ்த்து எண்ணுகிறேன்.
மீதி இரண்டு. இருக்கவேண்டியதும் இரண்டு.
“ஒருநாளும் விடலையே?”
“விடல சிஸ்டர்.”
சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே,
“பாதிதான் நான் போட்டேன்.”

மறுபாதி, மேல்கட்டில் ஷஃபீக்குக்கு.
அவனுக்கும் வெயிலில் நீர்க்கடுப்பு.
வயது ஒன்று கூடிப்போனதால்
நாங்கள் சேர்த்துக்கொள்ளாதவன்.
சவர பிளேடால், தினமும்,
பொடி சிந்தாமல் வெட்டியிருக்கிறார்.

அது மருந்தா, வெறும் மாவா?
எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது.
தெரியாமல் இருக்கத்தானே இத்தனை ஏற்பாடு.
எங்கோ ஒட்டிய உறைக்குள் கிடக்கிறது விடை.

படிவம் காரணம் கேட்கிறது:
மறதி, வாந்தி, பயணம், பிற.
‘பிற’ என்று குறிக்கிறேன்.
பக்கத்தில் அரை அங்குலக் கோடு,
அதில் ‘பகிர்ந்தார்’ மட்டும் கொள்கிறது.

இருநூற்றுநாற்பதில் ஒன்று கழியும்.
கழியத்தான் வேண்டும்;
நாளை யாரோ ஒருவன்
இந்தக் கணக்கை நம்பி விழுங்குவான்.

கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன்:
“ஷஃபீக்குக்கு இப்ப எப்படி?”
“தேவலாங்குறான்.”

பேனாவை மூடினேன்.