பத்து இலட்சமாவது ஆள்

ஒலுமடுப் பால் சேகரிப்பு நிலையத்து நகுலேஸ்வரி
லப்ரொப்பைப் பழஞ்சேலையில் சுற்றிக் கொண்டுவந்தாள்,
காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கி வந்தமாதிரி.
"திறந்தால் கத்துது அண்ணை."

திறந்தேன். கத்தியது.
வாழ்த்துகள்! நீங்கள்தான் எங்கள்
பத்து இலட்சமாவது வருகையாளர்!
ஒரு கைபேசி பரிசாம். மணிச்சத்தம் வேறு.
மாங்குளம் சந்தியில் பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பேர்
கடைக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.
"எங்களை எண்ணின ஆக்கள் எல்லாம்
குறைச்சுத்தான் எண்ணினவை" என்றாள்.
"இது ஒண்டுதான் கூட்டி எண்ணுது."
அதற்குப் பிறகு நானும் சிரிக்கவில்லை.

முகப்புப் பக்கம் மாறியிருந்தது, ஒருவரும் மாற்றாமலே.
'பசுவுக்கு மடி வீக்கம்' என்று தேடினால்
பெயர் தெரியாத இரண்டு சந்தி சுற்றி
முடி வளர்க்கும் எண்ணெய்க் கடை வாசலில் இறக்கிவிட்டது.
பட்டியலின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி:
உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது.

"எந்த நிறுவனம்?"
மூடியைத் திருப்பிப் பார்த்தோம். ஒட்டுப்படம்
வெயிலில் வெளுத்து, நகத்தால் சுரண்டுப்பட்டு,
குலுக்கும் கைகள் இரண்டு மட்டும் மிச்சம்.
கொடுத்தவர்கள் வெள்ளை வாகனங்களோடு போய்
எட்டு வருடம்.
போனவர்கள் எதையும் நிர்வகிக்கவில்லை.
அவர்கள் இடத்தில் வேறு எதுவோ குந்தியிருந்து
உள்பக்கமாகப் பூட்டிவைத்திருக்கிறது.

"எப்ப தொடங்கினது?"
"பாமினி எழுத்து இறக்கின நாளிலயிருந்து."
பால் கணக்கைத் தமிழில் எழுத எழுத்துரு வேண்டும்.
இலவசம் என்று போட்டிருந்தது.
அடுத்து, அடுத்து, சம்மதம், அடுத்து.
என்ன குறை சொல்ல?
எத்தனை படிவத்தில், எத்தனை மேசை முன்னால்
வாசிக்காமல் ஒப்பமிட்ட கை அது.
வாசிக்க யார் விட்டார்கள்?

நீட்சிகளைத் திறந்தேன்.
பன்றிநெல் கதிர் தள்ளும்வரை நெல்லாகத்தான் நிற்கும்.
ஆவண உதவியாளன். வானிலைத் தோழன். மலிவு காட்டி.
"இதில நீங்கள் போட்டது எது?"
"ஒண்டுமில்லை."
அகற்றினேன். மலிவு காட்டி மட்டும்
பிறவுசரை மூடித் திறக்க மறுபடி முளைத்தது.

சார்ஜர் வாங்க வந்த சீலன், முகமாலையில் வெடி எடுத்தவன்,
தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றான்.
"உன்ர வேலை மாதிரித்தான்" என்றேன், சும்மா ஒரு கதைக்கு.
"இல்லை" என்றான். "நீ பிழைவிட்டால்
திரும்பத் தொடங்கலாம்."
சார்ஜரை வாங்கிக்கொண்டு போனான்.

வேருக்குப் போனேன்.
எழுத்துரு வந்த திகதியில், அதே நிமிடத்தில்
கூட வந்து குடியேறிய நிரல்கள் இரண்டு.
பிடுங்கினேன்.
இல்லாத நிறுவனத்தின் கட்டளையைப் பதிவேட்டில் அழித்தேன்.
அறிவிப்பு அனுப்ப அனுமதி வாங்கியிருந்த
நாற்பத்துமூன்று தளங்களின் வாயை
ஒவ்வொன்றாக அடைத்தேன்.
இடையில் கரண்ட் போனது.
நகுலேஸ்வரி இருட்டில் ஒன்றும் பேசவில்லை.
வந்தது.

புதிய பக்கம்: வெள்ளை.
"பழுதாப் போச்சோ?"
"இல்லை. இதுதான் இதின்ர முகம்."

முந்நூறு ரூபாய் கேட்டேன். ஐந்நூறு வைத்தாள்.
மிச்சத்தை வாங்கவில்லை; போகவும் இல்லை.
கதிரையை இழுத்துப் போட்டு
பால் கணக்கைத் திறந்தாள்.
திரையில் விரல் வைத்து,
பெயர் பெயராக, வாய்க்குள் சொல்லி எண்ணினாள்.
அறுபத்தொன்று.

கடைசிப் பஸ் கோர்ண் அடித்தது.
விரலை மேலே கொண்டுபோய்
முதல் பெயரிலிருந்து
மறுபடி எண்ணத் தொடங்கினாள்.