பத்தொன்பதும் ஒரு மஞ்சாடியும்

ஐந்து சிவப்பு, ஐந்து வெள்ளை,
மறுபடி ஐந்து சிவப்பு, ஐந்து வெள்ளை.
கடியபட்டணத்தில் என் ஒன்றாம் வகுப்பு மணிச்சரம்
ஜன்னல் கம்பிக்கும் பீரோ கைப்பிடிக்கும் நடுவே
கொஞ்சம் தொய்ந்து கிடக்கும்.

முதல் விளையாட்டுக்குத் துணி கிளிப் ஒன்று போதும்.
நான் மாட்டுவேன். எத்தனையாவது மணி?
விரல் நீட்டி எண்ணினால் அவுட்.
எட்டில் மாட்டினேன்.
கண்ணை மூடித் திறப்பதற்குள்
எட்டு என்றான் பெர்ஜின்.
எப்படிடா?
"ஒரு வள்ளத்துக்கு அஞ்சு பேரு, டீச்சரே.
மூணு பேரு மத்த வள்ளத்துல ஏறியாச்சு."
இன்னும் ரெண்டு பேருக்கு எடமிருக்கு
என்றாள் பின்னாலிருந்து அனிஷா ரோஸ்.
பாடக்குறிப்பில் நான் இதற்கு
ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தேன்.

அடுத்தது துண்டு விளையாட்டு.
பத்து மணியில் சிலதை மூடிவிட்டு
உள்ளே எத்தனை என்று கேட்பது.
ஆறு தெரிந்தால் நாலு, ஏழு தெரிந்தால் மூணு,
கூரை கிழியும் கத்தலில் பதில் வரும்.
ஒருநாள் வெறும் துண்டை விரித்தேன்,
பத்தும் வெளியே.
சத்தமே இல்லை.
ஷாமிலி துண்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்து
"உள்ள ஆருமில்ல" என்றாள்.
அந்த ஆருமில்லவைத்தான்
கரும்பலகையில் வட்டமாக வரைந்தேன்.

ஆடிக் காற்றில் ஜன்னல் கதவு அடித்துச் சரம் அறுந்தது.
பெஞ்சுக்கடியில், நனைந்த குடைகளுக்குள்,
ஒன்று சத்துணவுத் தட்டில் ணங்கென்று.
பொறுக்கி வந்து கொட்டினார்கள்.
நான் மூன்று முறை எண்ணினேன்.
அவர்கள் எண்ணவில்லை,
ஐந்தைந்தாய் அடுக்கிவிட்டுச் சொன்னார்கள்:
"ஒரு வள்ளத்துல ஆள் கொறயுது."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.
குலசேகரத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவள் நான்,
ரப்பர் மரங்களுக்குள் வளர்ந்தவள்.
ஏனென்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.
கடைசி மணி அடித்தும் தேடிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் எங்கள் முற்றத்து மஞ்சாடி ஒன்றை
ஊசி பழுக்கக் காய்ச்சித் துளைத்துக் கொண்டுபோனேன்.
இரண்டாவது உடைந்தது, மூன்றாவது தேறியது.
வெள்ளை முடிகிற இடத்தில்
சின்னதாய், கோணலாய், சிவப்பாய் அது.

பிறகு கணக்கின் பேச்சே மாறிப்போனது.
பத்தொன்பது, மஞ்சாடிக்கு முந்தினது.
பதினேழு, மஞ்சாடிக்கு மூணு இந்தப்பக்கம்.
பார்வையிட வந்தவர் மொத்தம் எத்தனை மணி என்றார்.
"பத்தொம்பதும் ஒரு மஞ்சாடியும்!"
அவர் 20 என்று எழுதிக்கொண்டார்.

கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை,
வருகைப் பதிவில்கூட வாய் திறக்காத ஜோயல் டைட்டஸ்
மேசையருகே வந்து நின்றான்.
என் உள்ளங்கையில் ஒரு வெள்ளை மணி.
வியர்வைச் சூடு, டவுசர் பையின் நூல் ஒட்டி.
நான் எதுவும் கேட்கவில்லை.

எங்கே கோர்க்கலாம்?
"மஞ்சாடிக்கு அந்தப் பக்கம்!"
முழு வகுப்பும். அவனும்.

புத்தகத்தில் இருபத்தொன்று
அடுத்த பருவத்தில்தான் வரும்.