சுண்டுவிரல்

டிக்கோயா ஆஸ்பத்திரி, செவ்வாய்க் கிளினிக்,
நம்பர் நாற்பத்தி மூன்று.
"ஹிரி வட்டெனவாத?" என்கிறார் டொக்டர்.
"விறைக்குதான்னு கேக்குறார்" என்கிறாள் மிஸ்ஸி.

விறைப்பு இல்லை மிஸ்ஸி.
விறைப்பு பனிக்கு வரும், வெயில் ஏறினால் போகும்.
இது மரத்துப்போகிறது.
கவ்வாத்து வெட்டாமல் விட்ட தேயிலை
மரமாகிப் போகுமே, அந்த மாதிரி
என்று சொல்ல நினைத்து
"ஆமாங்க" என்றேன்.
பின்னால் இன்னும் அறுபது பேர்.

ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கையை உதறுகிறேன்.
"அட்டை ஏறிடுச்சா?" என்கிறார் அவர், தூக்கத்தில்.
போன கிழமை, ரொட்டி கருகுதே என்று திரும்பினால்
கருகியது என் விரல்.

சீனி இருக்கலாம் என்றார் டொக்டர்.
கழுத்தெலும்பு தேய்ந்து நரம்பை நெரிக்கலாம்.
முப்பது வருஷம் தலையில் கூடைக் கயிறு என்று
மிஸ்ஸியே சேர்த்துச் சொன்னாள்.
தைரொயிட். அப்புறம் ஏதோ விட்டமின்,
இறைச்சி முட்டையில் இருக்குமாம்,
வெறுந்தேத்தண்ணியில் இருக்காதாம்.

ஒன்றை மட்டும் அவர் வாயால் சொல்லவில்லை.
கண்ணை மூடச் சொல்லி
முழங்கையின் வெளிறிய தேமலைப் பஞ்சால் தொட்டார்.
சுவரில் அந்த நோயின் படம் இருந்ததை
வரும்போதே பார்த்திருந்தேன்.
"தெரியுது!"
அவ்வளவு சத்தமாக
என் கல்யாணத்தில்கூட நான் பேசியதில்லை.

பிறகு இரண்டு புறங்கையையும் சேர்த்து
விரல்கள் கீழே பார்க்கப் பிடிக்கச் சொன்னார்,
தலைகீழாய்க் கும்பிடுவதுபோல்.
அரை நிமிஷத்தில் எறும்பு ஊர்ந்தது
பெருவிரலில், ஆட்காட்டியில், நடுவிரலில்.
கொழுந்து கிள்ளுகிற மூன்றிலும்.
ஒரு வேலையும் செய்யாத சுண்டுவிரல் மட்டும்
சின்னத்துரை மாதிரி சுகமாய் இருந்தது.

மணிக்கட்டுக்குள் ஒரு ஒடுங்கிய வாசலாம்,
நரம்பு அதில் சிக்கிக்கொண்டதாம்.
வாசலென்றால் எனக்குத் தெரியும்:
ஒரு காம்பரா, எட்டுப் பேர்.

ராத்திரிக்குக் கட்ட ஒரு பட்டி தந்தார்.
அப்புறம் சொன்னதற்கு
மிஸ்ஸி தமிழ் சொல்லவில்லை, என் முகத்தைப் பார்த்தாள்.
ஆறு கிழமை, ஓய்வு.
அவ்வளவு சிங்களம் எனக்கும் தெரியும்.
பதினெட்டுக் கிலோவுக்கு
ஒன்று குறைந்தாலும் அரைப்பேர் என்பது
அவளுக்கும் தெரியும்.

நோர்வூட் பஸ்ஸில் குனிய இடமில்லை.
கொண்டக்டர் தந்த மீதியைப் பைக்குள் வைத்தே
சுண்டுவிரலால் தடவி எண்ணினேன்.
பத்து ரூபாய் குறைந்தது.
கேட்டு வாங்கினேன்.