ஐந்தாவது காது

ஒலுவிலிலிருந்து தம்பிலுவில் வரை
ஐந்து கூரைகளில் ஐந்து பெட்டிகள் வைத்தோம்.
காதுகள் என்று சொல்லலாம்.
மீனவர் சங்கத்தின் அலைவரிசையில்
யாரும் பேசாத நேரம் பார்த்து
எங்கள் செய்தி போகவேண்டும்.
அவர்கள் வாய் திறந்தால்
அந்தக் கணமே நாங்கள் அடங்கவேண்டும்.
வீடு அவர்களுடையது. இடைவெளி மட்டும் எமக்கு.

ஒரு காதை நம்ப ஏலாது.
சுவர் மறைக்கும், தென்னை மறைக்கும்,
மாரி மழை எல்லாவற்றையும் மறைக்கும்.
ஆகவே வாக்கெடுப்பு:
மூன்று பெட்டி "ஆள் உண்டு" என்றால்
ஆள் உண்டு.

கேட்பதற்குப் பற்றரி செலவாகும்.
நாலு பேர் கேட்டுச் சொன்னால்
ஐந்தாமவர் உறங்கலாம்; விடை அவருக்கும் வரும்.
கணக்கு இதோடு நின்றால் நல்லது.
ஐந்து பேருமே
தாங்கள்தான் அந்த ஐந்தாமவர் என்று நினைக்கும் இரவில்
ஒரு படகு கூப்பிடும்,
அதன் குரலுக்கு மேல் நாங்கள் பேசிக்கொண்டிருப்போம்.

இதை விரிவுரை மண்டபத்தில்
இலாப நட்ட அட்டவணை போட்டு விளக்கினேன்.
கைதட்டினார்கள்.

பதினொரு நாளாய்த் தம்பிலுவில் பெட்டி
காலி என்றது. காலி, காலி.
மற்ற நாலும் மறுத்தபோதும் காலி.
கோகுலரமணன் அதை உறங்க விட்டுவிட்டான் என்றேன்.
தண்டனை விதி எழுதினேன்:
அவன் வாக்கின் எடை பாதி, பிறகு கால்,
பிறகு பூச்சியம்.
ஹஸ்மியா மட்டும் கேட்டாள்,
"போய்ப் பாத்தியா?"

அக்கரைப்பற்றில் பஸ் மாறிப் போனேன்.
அவன் ஏணியைப் பிடித்தான்.
பெட்டி சூடாக இருந்தது, விழித்திருந்தது.
அதற்கும் கடலுக்கும் நடுவே
புதிதாய் எழும்பிய கொங்கிரீட் தண்ணீர்த் தாங்கி.
கேட்டதைத்தான் சொல்லியிருக்கிறது.
ஒன்றும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.
"பற்றரி ரெண்டுதரம் மாத்தினன்" என்றான்,
"காசு வேணாம்."

இரவு, ஒலுவில் அறையில்
ஐந்து பதிவுகளையும் அருகருகே விரித்தேன்.
என் பெட்டியின் விடைகள்
பாலமுனைக்கு அரை நொடி பின்னால்,
பிழைகள் உட்பட, ஒன்றும் பிசகாமல்.
மறுத்தவை நாலல்ல, மூன்று.

சுவருக்கு வெள்ளையடிக்கக் கழற்றிய அன்டெனா வயர்
கட்டிலுக்குக் கீழே சுருண்டு கிடந்தது.
கேளாத வேளையில் அயலவர் விடையை எடு:
அதுவும் நான் எழுதிய வரி,
ஓர் அவசரத்துக்கு.

வயரைத் திருகினேன்.
இரைச்சல். பிறகு,
கரை நெருங்கும் படகிலிருந்து யாரோ
ஐஸ் எத்தனை கட்டி கிடக்கு என்று
கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆள் உண்டு.