கையெழுத்து

படிவத்தில் பதினேழு கட்டங்கள்.
பூட்டின் வகை, கதவின் தடிமன்,
சன்னல் கம்பி, காவலர் எண்ணிக்கை.
ஓமுர்பெக்கை எந்தக் கட்டத்தில் எழுதுவது
என்று தெரியாமல்
பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

நாரின் ஆற்றுக்கு மேலே ஏறும் பாதையில்
லாரி இரண்டு முறை சறுக்கியது.
வாசல் பலகையில்
விதை என்ற சொல் மட்டும் மிச்சம்;
ஆய்வையும் நிலையத்தையும்
காற்று கொண்டுபோய்விட்டது.
விதைக்குக் கதிர் காட்டினால் கோதுமை கூடும் என்று
ஒரு நாடு நம்பிய காலம் இருந்தது.
அந்த நாடு போய்விட்டது.
சீசியம் போகவில்லை.
பாதியாய்த் தேயவே அதற்கு முப்பது வருடம் வேண்டும்.
அரசுகளுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

வியன்னாவில் பயிற்சியின்போது
ஒரு வரைபடம் காட்டினார்கள்.
கைக்குள் அடங்குகிற உருளை ஒன்று
கெட்ட எண்ணத்தின் கையில் சிக்கினால்
இவ்வளவு தூரம் என்று
பேருந்து நிலையம், பள்ளிக்கூடம், ரொட்டிக்கடை
எல்லாவற்றின் மேலும் மஞ்சள் கறை.
வெறும் மாதிரி என்றார்கள்.
ஆனால் ரொட்டிக்கடைக்குப் பெயர் வைத்திருந்தார்கள்.
அந்தப் பெயர்தான் இன்னும் உறுத்துகிறது.

கழுத்துக் கயிற்றிலிருந்து சாவியை எடுத்தான் ஓமுர்பெக்.
கதவை அடைத்துக்கொண்டு
சக்கரமில்லாத ஒரு டிராக்டர்.
"மைக்ரோஸ்கோப்பை நான்தான் விற்றேன், எழுதிக்கொள்.
கூரைத் தகடும் நான்தான்.
டிராக்டரின் சக்கரம் மகள் கல்யாணத்துக்கு."
ஒளிக்கவில்லை, வருந்தவுமில்லை.
சம்பளம் வராத பதினோரு குளிர்காலங்களை
விரல் மடக்கிக்கூடச் சொல்லவில்லை.

கறுப்புக் காரில் இரண்டு பேர் வந்தார்களாம்.
காரின் முன்மூடியில் டாலர்களைப் பரப்பி
பறக்காமலிருக்கக் கல் வைத்தார்களாம்.
ஈயக் குடங்கள் நான்கு இருக்கிறதாமே என்றார்களாம்.
அவர்களுக்கு எண்ணிக்கை தெரிந்திருந்தது
என்று சொல்லும்போதுதான்
அவன் குரல் முதன்முதலாகத் தாழ்ந்தது.
சாவி பிஷ்கெக்கில், இயக்குநரிடம் என்றிருக்கிறான்.
இயக்குநர் செத்து ஆறு வருடம்.
அன்று இரவு டிராக்டரைக் கதவோடு ஒட்டி நிறுத்தி
சக்கரங்களைக் கழற்றியிருக்கிறான்.
கல்யாணம் அதற்கப்புறம்தான் வந்தது.

"இதை மட்டும் ஏன் விற்கவில்லை?"

பேரேட்டைத் திறந்தான்.
எலி கடித்த ஓரம், ஊதா மை.
"இங்கே பார், பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில்
போட்டிருப்பது என் கையெழுத்து.
மைக்ரோஸ்கோப்புக்குப் போட்டவன் வேறு ஆள்."

உள்ளே இறங்கினேன்.
கையிலிருந்த கருவி
வறுகடலை பொரிவதுபோல் பேசத் தொடங்கியது.
ஒன்று. இரண்டு. மூன்று.
மூன்றுக்குப் பிறகு என் மூச்சு
அடுத்த எண்ணுக்குப் போக மறுத்தது.
"உருளைக்கிழங்குச் சாக்குக்குப் பின்னால்" என்றான்
மேலேயிருந்து.
"எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைப்பேனா?"

நான்கு.

படிவம் கேட்கிறது:
அபாய மணி அடித்தால்
காவல்துறை வர எத்தனை நிமிடம்?
இங்கே மணி இல்லை.
நாரினிலிருந்து வெயில் காலத்தில் எழுபது நிமிடம்,
பனியில் அடுத்த நாள்.

மறுவாரம் பளுதூக்கியோடும் படைவீரர்களோடும் வந்தோம்.
குடங்கள் ஒவ்வொன்றாக இரும்புப் பெட்டிக்குள் இறங்கின.
வண்டி கிளம்பும்போது ஓமுர்பெக் வழிமறித்தான்.
பேரேட்டை நீட்டினான்.
பேனாவில் மை உறைந்திருந்தது;
அக்குளில் வைத்துச் சூடாக்கித் தந்தான்.
அவன் பெயருக்குக் கீழே என் பெயர்,
பெர்மெத், நான்கு உருப்படி, நேரம் 14.20.
மை காயும்வரை ஊதினான்.
பிறகு கழுத்துக் கயிற்றை அவிழ்த்தான்.
அந்த இடத்தில் தோல் வெளுத்திருந்தது.

வீரர்கள் இருவரும் கணவாய் தாண்டுவதற்குள்
குறட்டை விட ஆரம்பித்துவிட்டார்கள்.
தலைநகரம் ஏழு மணி நேரம்.
முதுகுக்குப் பின்னால் நான்கு.
நான் தூங்கவில்லை.