இரண்டு கோடுகள்

மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்து
டார்ச் அடித்தபோதுதான் பார்த்தேன்:
உளியால் வெட்டிய இரண்டு கோடுகள்.
மேற்பக்கம் இருநூறு ஆண்டு மெழுகு,
ஆறிய கருப்பட்டிப் பாகின் நிறம்.
அடியில் ரம்பப் பல்லின் தடம்,
செத்த சிலந்தி ஒன்று,
இந்த இரண்டு கோடுகள்.

லங்காஸ்டர். மழை. திருமதி த்ரெல்ஃபாலின் மகோகனி மேசை.
ஒட்டுப்போடாத ஒற்றைப் பலகை;
கை நீட்டினால் மறுகரை எட்டாது.
கொதிக்கும் தட்டு, கொட்டிய ஒயின்,
எந்தக் காலத்துப் பையனோ
முள்கரண்டியால் கீறிய பாதிப் பெயர்.
எதற்கும் அது முறுக்கிக்கொள்ளவில்லை.
புழுவும் வாய் வைக்கவில்லை.
வெளிச்சம் பட்டுப் பட்டுச் சிவந்து கறுத்தது,
பூச்சாடி நின்ற இடம் தவிர.
அங்கே மட்டும் வெளிறிய ஒரு வட்டம்.
அதை எடுக்கத்தான் என்னைக் கூப்பிட்டார்.

தச்சன் போட்ட கணக்காக இருக்கலாம் அந்தக் கோடுகள்.
இருக்கட்டும். எனக்கு அவன்தான் தெரிகிறான்.
பெயர் தெரியாது. மிங்கோ என்று வைத்துக்கொள்கிறேன்.

பெலீஸ் ஆற்றிலிருந்து மூன்று நாள் நடை,
வெட்டுக்கத்தியால் பாதை திறந்து திறந்து.
ஆகஸ்டில்தான் மகோகனி தன்னைக் காட்டிக்கொடுக்கும்.
மற்ற மாதங்களில் பச்சைக்குள் பச்சை;
அப்போது மட்டும் உச்சி இலைகள்
துருவேறிய தகரமாய் மஞ்சளும் சிவப்பும்.
அதைப் பார்க்க உயர்ந்த சப்போட்டா மரத்தில்
இடுப்பில் கயிறோடு ஏறினான்.
கீழே நண்பகலிலும் இருட்டு.
மேலே கண் கூசும் இலைக்கடல்.

வாங்கப்பட்டவன் அவன்.
எஜமானின் பேரேட்டில்
தோளுக்கு ஒரு விலை, கண்ணுக்கு மறு விலை.
அந்தக் கண்ணால்
ஓடைக்கு அப்பால் இரண்டு மரம் பார்த்தான்.
மேற்கே, யாரோ எப்போதோ கட்டிக் கைவிட்ட
கல்மேட்டின் மேல்
மூன்றாவதைப் பார்த்தான்.

இறங்கி வந்து
இரண்டு என்றான்.

இரண்டையும் வெட்டினார்கள்.
அகன்ற வேர்ப்புடைப்புக்கு மேலே பரண் கட்டி,
ஆளுயரம் இரண்டு தாண்டி,
எதிரெதிரே நின்று கோடாலி போட்டார்கள்.
கோடையில் பகல் சூடு மாட்டைக் கொல்லும் என்று
ராத்திரியில் இழுத்தார்கள்:
பைன் பந்தம், சங்கிலி, நுரை தள்ளும் காளைகள்,
கட்டை உருண்டு கால் போன ஒருவன்.
ஜூன் வெள்ளம் வந்து மீதியைச் செய்தது.
ஆற்று வாயில் பிடித்து, சதுரமாகச் செதுக்கி,
எண் வெட்டி, கப்பலேற்றினார்கள்.
அதன்பின் கட்டில், கதவு, கல்லாப்பெட்டி,
சீமாட்டிகளின் தேயிலைப் பேழை,
பணக்காரச் சவப்பெட்டி.
பின்னொரு நூற்றாண்டில் விமானத்தின் விசிறிகூட.

மூன்றாவதை ஏன் சொல்லவில்லை?
அடுத்த ஆற்றுக்காரனுக்கு ரகசியமாக விற்க நினைத்திருக்கலாம்.
சிலர் விற்றார்கள்.
எனக்கு வேறொன்று தோன்றுகிறது.
ஒருவனுக்கு மட்டுமே தெரிந்த இடம்
இருவர் சந்திக்க உதவும்.
முகாமில் மாவு பிசைந்த சபீனாவிடம்
ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருப்பான்:
கல்மேடு, மேற்கே, சிவந்த மரம்.
பந்தங்கள் ஆற்றுப் பக்கம் போன ஒரு ராத்திரி
அங்கிருந்து எல்லை தாண்டி
பெத்தேன் காட்டுக்குள் போயிருப்பார்கள்.
தலைக்கு மேல் கைமுட்டி அளவு காய்கள் வெடித்து
இறக்கை வைத்த விதைகள் சுற்றிச் சுற்றி இறங்கியிருக்கும்.
ஒன்றை அவள் கடித்துப் பார்த்துத்
துப்பியிருப்பாள். அத்தனை கசப்பு.

இதற்கெல்லாம் சாட்சி கிடையாது.
இரண்டு கோடு, அவ்வளவுதான்.
மூன்றாவது கோடு இல்லை என்பது
சாட்சியாகுமா, தெரியவில்லை.

வட்டத்தைப் போக்குவது பெரிய வேலையில்லை.
சுரண்ட வேண்டாம், சாயம் வேண்டாம்.
மற்ற இடத்தைத் துணியால் மூடி
ஒரு கோடைக்காலம் ஜன்னலோரம் வைத்தால்
தானே கறுத்துச் சேர்ந்துகொள்ளும்.

ஜன்னலோரம் காலியாகத்தான் இருக்கிறது.
திருமதி த்ரெல்ஃபால் இரண்டு முறை போன் செய்துவிட்டார்.